ஆலைக்குள் ஒரு மதுக்கூடம்: வாசகர் கேள்விகளுக்குக் கட்டடக் கலைஞரின் பதில்கள்

சென்ற இதழில் நியூகாஸில் நகரத்து ‘க்ளூனி’யைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். ஜான் டாப்சன் என்ற கட்டடக் கலைஞர் 1848-இல் ஆளிச் செடியின் நாரை (லினன்) நூற்பதற்காக வரைந்து கொடுத்த ஆலை அது. பிறகு மாவு மில்லாயிற்று, விஸ்கிக் கிடங்காயிற்று. இன்று கீழே மதுக்கூடமும் கச்சேரி அரங்கும், மேலே கலைஞர்களின் பட்டறைகளுமாக இருக்கிறது. வடக்கு இங்கிலாந்தில் பழைய ஆலைகளைப் புதுப்பித்தே பிழைப்பு நடத்தும் எனக்கு அது பழகிய இடம். எழுதியது நான்கே வரி. வந்த கடிதங்களோ ஒரு பை நிறைய. மாடிக் கசிவு, சுவர் விரிசல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை முழுக்க மதுக்கூடம்தான்.

குடியால் குடும்பங்கள் சீரழிகிற நாட்டில், மதுக்கூடம் கட்டுவதை ஒரு கலைபோல எழுதுகிறீர்களே, வெட்கமாக இல்லையா?
இரா.மு., காரைக்குடி

உங்கள் கோபம் நியாயமானது, ஐயா. அதைத் தணிக்க நான் வரவில்லை. இங்கிலாந்திலும் குடி குடும்பங்களைக் கெடுக்கத்தான் செய்கிறது. இந்த ஊர் உத்தமர்களின் ஊர் என்று சொன்னால் என் அண்டை வீட்டுக்காரரே சிரிப்பார்.

ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் இடமும் நான் எழுதிய இடமும் வேறு வேறு. கம்பி வலைக்குள் கைவிட்டு வாங்கி, சுவரைப் பார்த்து நின்று, ஒரே மடக்கில் முடித்துவிட்டு நகர்கிற இடம் ஒன்று. நண்பகலில் பாட்டி சூப் குடிக்க, பக்கத்தில் நாய் படுத்திருக்க, ஒருவர் அரைக் கோப்பை பீரோடு குறுக்கெழுத்துப் போட்டி முடிக்கிற இடம் இன்னொன்று. இங்கே உரிமம் பெற்ற மதுக்கூடத்தில் குழாய்த் தண்ணீர் கேட்டால் காசு வாங்காமல் கொடுத்தாக வேண்டும். 2010 முதல் அது சட்டம். தண்ணீரும் தேநீரும் குடித்துவிட்டு எழுந்து போகிறவரை முறைக்காத மதுக்கூடத்தைத்தான் நான் ஊர்க்கூடம் என்பேன். மற்றவை கடைகள்.

இடத்தின் அமைப்புக்கும் குடியின் வேகத்துக்கும் தொடர்பு உண்டு. உட்கார இடமில்லை, பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கிறது என்றால் மனிதன் பேசுவதில்லை. பேசாதவன் கை சும்மா இருப்பதில்லை. விற்பனையை மட்டும் பார்க்கிற முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் ஓசையைப் பற்றிக் கேட்கிறேன். அடுத்த கடிதமும் அதைப் பற்றித்தான்.

படிப்புச் சுற்றுலாவில் பெங்களூரில் பழைய தொழிற்கூடம் ஒன்றில் நடக்கும் மதுக்கூடத்துக்குப் போனோம். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எதிரில் இருந்தவன் பேசியது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கூட்டம்தான் காரணமா?
ச., கட்டடக்கலை மாணவி, கோயம்புத்தூர்

கூட்டம் பாதிக் காரணம். மீதி, கூரை.

உங்கள் ஊர் மில்லையே நினைத்துப் பாருங்கள். தரை கான்கிரீட், சுவர் செங்கல், கூரை தகரமோ ஓடோ, வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. எல்லாமே கெட்டி. ஒலி எதில் பட்டாலும் அப்படியே திரும்பி வரும். தறிக்கும் கதிருக்கும் அதனால் என்ன கேடு? மனிதர்கள்தான் பட்டார்கள். லங்காஷயர் நெசவுக் கூடங்களில் பெண்கள் ஒருவர் பேச்சை ஒருவர் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். வாயை அகல அகலத் திறந்து, ஒலியில்லாமல் பேசுவார்கள். தறிகளை எடுத்துவிட்டு அங்கே நாற்காலி போட்டவர்கள் அந்தக் கூரையை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘அசல் தோற்றம்’ வேண்டுமாம்.

மாணவி என்பதால் கணக்கோடு சொல்கிறேன். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபாக் அருங்காட்சியக விரிவுரை அரங்கில், பேசினால் எதுவும் புரியவில்லை; ஒரு சொல் அடங்க ஐந்தரை விநாடி ஆயிற்று. சரிசெய்யும் வேலை வாலஸ் சேபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் தலையில் விழுந்தது. பக்கத்து சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் சுமந்து வந்து அடுக்குவார். ஆர்கன் குழாயை ஊதவிட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைத்துவிடுவார். அந்த மெத்தைகளிலிருந்து பிறந்த சூத்திரம்தான் இன்றும் நம் கையில் இருக்கிறது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை மொத்தமாக உறிஞ்சும் அளவால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் விநாடிகளில் கிடைக்கும்.

30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரமுள்ள ஓர் ஆலைக் கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு 2,700 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து 1,440 சதுர மீட்டர். கெட்டிப் பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் சுமார் 5 சதவீதத்தைத்தான் விழுங்கும். ஆக, அறை மொத்தமாக உறிஞ்சும் அளவு 1,440-இல் 5 சதவீதம், அதாவது 72 சதுர மீட்டர். வகுத்துப் பார்த்தால் 6 விநாடி வரும். நூறு பேர் உள்ளே வந்தால் அவர்கள் உடலும் உடையும் ஓர் ஐம்பதைக் கூட்டும். நேரம் மூன்றரை விநாடிக்கு இறங்கும். அந்த நிலையில் எல்லாரும் குரலை உயர்த்துவார்கள், பக்கத்து மேசை அதைவிட உயர்த்தும். நீங்கள் அனுபவித்தது இதுதான். இப்போது கூரையின் அடிப்பரப்பு முழுக்க, 70 சதவீதம் உறிஞ்சும் மரநார்ப் பலகையை அடியுங்கள். மொத்த உறிஞ்சல் 415-ஐ எட்டும். நேரம் ஒரு விநாடிக்கு வந்துவிடும். சாதாரணக் குரலில் பேசலாம்.

ரம்பப் பல் போல ஏறி இறங்கி, ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கூரையாக இருந்தால் கண்ணாடியைத் தொட வேண்டாம். பலகையைச் சரிவின் அடிப்பக்கத்தில் அடித்தால் போதும், வெளிச்சமும் குறையாது. பணமில்லாதவர்கள் மேசைகளின் அடிப்பக்கத்தில் கம்பளத் துண்டு ஒட்டுகிறார்கள். அதற்கும் பலன் உண்டு, ஓரளவுக்கு. எதை ஒட்டினாலும் தீப்பற்றாத வகைதானா என்று சான்று பார்த்து வாங்குங்கள். காரணம் கீழே மும்பைக் கடிதத்தில் வருகிறது.

செங்கல் சுவரின் பழைய பூச்சையும் கரியையும் மணல் பீச்சிச் சுத்தம் செய்யலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?
பெ.க., சிங்கப்பூர்

செய்யக்கூடாது. சூளையில் வெந்த மேல்தோல்தான் செங்கல்லுக்குக் காப்பு. மணல் பீச்சினால் அது போய்விடும். உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மழையைக் குடிக்கத் தொடங்கும். மென்மையான தூரிகை, தண்ணீர், பொறுமை இவை போதும். இடுக்குகளில் சிமெண்ட் வைக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை இடுக்கு வழியாகத்தான் வெளியே விடும். அதைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் வழியே வெளியேறப் பார்த்து, செங்கல்லை உதிர்த்துவிடும். கரி கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே, ஆலை என்றால் கரி இராதா?

எங்கள் தெருமுனையில் சிறிய நெசவுக் கூடம் ஒன்று ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து அதை வாங்கி, பகலில் தேநீர், மாலையில் பீர் என்று ஊர்க்கூடமாக நடத்த ஆசை. பப்புகளை ஊரார் வாங்க உதவும் சட்டம் இதற்கும் பொருந்துமா?
வாசகர் ஒருவர், லீட்ஸ்

நேராகச் சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலும் பொருந்தாது. 2011-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி ஊரார் ஓர் இடத்தைச் ‘சமூகப் பயனுள்ள சொத்து’ என்று நகரமன்றத்தில் பதியலாம். பிறகு உரிமையாளர் விற்க முன்வந்தால், ஊரார் ஆறு வாரத்துக்குள் விருப்பம் தெரிவித்து, மொத்தம் ஆறு மாத அவகாசம் பெறலாம். அப்போதும் ஊராருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனால் பதிவுசெய்யும் இடம் இப்போதோ அண்மைக் காலத்திலோ மக்கள் கூடிப் பயன்பெற்ற இடமாக இருந்திருக்க வேண்டும். பப், நூலகம், மன்றம் இவற்றுக்குச் சரி. தறி ஓடிய கூடம் அந்த வரையறைக்குள் வராது. ஆகவே ஆறு மாத அவகாசத்தை நம்பி உட்கார்ந்திருக்காமல், உரிமையாளரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கும் காப்பீடு, காவல், கூரை ஒழுக்கு என்று செலவு உண்டு. நீண்ட காலக் குத்தகை என்றால் பலர் இறங்கி வருவார்கள்.

அமைப்புக்குச் சமூகநல சங்கம் என்ற வடிவம் பொருந்தும்; 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதியலாம். பங்கு விற்றுப் பணம் திரட்டலாம். பத்துப் பங்கு வைத்திருப்பவருக்கும் ஆயிரம் பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டுதான். இந்த ஒரு விதிக்காகவே எனக்கு அந்த வடிவம் பிடிக்கும்: பணக்காரப் பங்காளி ஒருவர் வந்து, ‘தேநீரில் லாபம் இல்லை, நிறுத்துங்கள்’ என்று மிரட்ட முடியாது. கம்ப்ரியா மலைப்பகுதியில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்ற கிராமத்தின் ‘ஓல்டு கிரௌன்’ பப்பை 2003-இல் ஊரார் கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். பிரிட்டனில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை என்பார்கள். ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள், வழியெல்லாம் அழகாகவும் இருக்கும்.

கட்டட விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. நெளிவுக் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருந்தால் நீங்களாக ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள். இங்கே 1999-இல் அதற்கு முழுத் தடை வந்தது. அதற்கு முந்தைய தகடு எதுவானாலும் சந்தேகித்து, சோதனைக்கு அனுப்புங்கள். இரண்டாவது, குளிர். ஆறு மீட்டர் உயரக் கூடத்தைச் சூடாக்கினால் சூடு கூரையில் உட்கார்ந்துகொள்ளும், வாடிக்கையாளர் கோட்டோடு உட்கார்ந்திருப்பார். கூடத்துக்குள்ளேயே தாழ்ந்த கூரையுள்ள சிறிய அறை ஒன்று கட்டி, முதல் குளிர்காலத்தை அதில் ஓட்டுங்கள். கென்ட் மாவட்டத்து ஹெர்ன் கிராமத்தில் 2005-இல் ஒருவர் பழைய இறைச்சிக் கடையில் பப் தொடங்கினார். பாட்டுப் பெட்டி இல்லை, வருகிறவர்கள் பேசத்தான் வேண்டும். அதைப் பார்த்து நாடெங்கும் நூற்றுக்கணக்கில் தோன்றிவிட்டன. உங்களுக்கும் முதலில் அந்த அளவு போதும்.

புடாபெஸ்டில் ‘இடிபாட்டு மதுக்கூடம்’ ஒன்றைப் பார்த்து அசந்துபோனோம். குப்பையில் கிடந்த சாமான்களை வைத்தே இவ்வளவு செய்ய முடியுமானால், உங்களைப் போன்றவர்கள் எதற்கு?
வே. தம்பதியர், புதுச்சேரி

நல்ல கேள்வி, என் சம்பளத்திலேயே கை வைக்கிறீர்கள்!

நீங்கள் போனது கசின்ட்சி தெரு 14-ஆம் எண்ணில் உள்ள ‘சிம்ப்ளா கெர்ட்’ என்று நினைக்கிறேன். அடுப்பு செய்த பழைய தொழிற்சாலை. இடிக்கக் காத்திருந்த கட்டடத்தில் 2004-இல் குடியேறினார்கள். உடைந்த நாற்காலி, பாதியாக வெட்டிய குளியல் தொட்டி, பழைய டிராபன்ட் கார் எல்லாம் அங்கே இருக்கைகள். எனக்குப் பிடித்தது அந்தச் சாமான்கள் அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே முற்றத்தில் உழவர் சந்தை நடக்கிறது. முந்தைய இரவு சுற்றுலாப் பயணிகள் ஆடிய இடத்தில் உள்ளூர்க்காரர்கள் பையோடு வந்து காயும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் போகிறார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று வெற்றி பெற, பின்னாலேயே பல வந்தன. பழைய யூதர் குடியிருப்பாக இருந்த அந்த ஏழாம் வட்டாரம் இரவுக் கொண்டாட்டப் பேட்டையாக மாறிவிட்டது. தூக்கம் கெட்ட குடியிருப்போர் மன்றாடினார்கள். நள்ளிரவோடு கடைகளை மூடலாமா என்று 2018 பிப்ரவரியில் வாக்கெடுப்பே நடந்தது. வாக்களிக்க வந்தவர்கள் போதாமல் அது செல்லாததாயிற்று. மதுக்கூடத்தின் சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, புகைபிடிக்க வெளியே வருகிறவர்கள் யார் படுக்கையறைக்கு அடியில் நிற்கிறார்கள் என்று பார்க்க ஓர் ஆள் வேண்டாமா? அதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள்.

கமலா மில்ஸ் தீ விபத்துக்குப் பிறகு, மில் வளாகத்தில் உள்ள எந்த விடுதிக்கும் போக என் மகன் சம்மதிப்பதில்லை. இந்தக் கட்டடங்களே ஆபத்தானவையா?
ல., மாட்டுங்கா, மும்பை

மகன் பயப்படுவதில் பொருள் இருக்கிறது. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு கடந்த நேரம். லோயர் பரேலில் மில் வளாகத்து மாடி விடுதிகளில் பற்றிய தீயில் 14 பேர் மாண்டார்கள். பலர் கழிவறைக்குள் தஞ்சம் புகுந்து, புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். இதில் பழைய மில்லின்மேல் பழி போட முடியாது. மொட்டைமாடியில் எரியும் பொருள்களால் பந்தல் போட்டதும், வெளியேறும் வழி சரியாக இல்லாததும் நம் காலத்து வேலை.

பழைய ஆலைகளுக்கும் தீயோடு பழைய பகை உண்டு. நூற்பாலைகளின் மரத்தரை பல்லாண்டுகள் இயந்திர எண்ணெயைக் குடித்தது. வழுக்கும் என்பதால் நூற்போர் வெறுங்காலோடுதான் நிற்பார்கள். அப்படிப்பட்ட தரையை இன்றும் பார்க்கிறேன்: பலகையின் நடுப்பகுதி கறுத்துப் பளபளக்கும், இயந்திரக் கால் நின்ற இடத்தில் மட்டும் நான்கு வெளிறிய வட்டம். வெயில் ஏறினால் பலகையிலிருந்து எண்ணெய் வாடை கிளம்பும். அதன்மேல் மதுவும் மெழுகுவத்தியும் வைக்க எந்தத் தீயணைப்பு அதிகாரியும் ஒப்ப மாட்டார்.

இந்தப் பயத்தில்தான் 1797-இல் ஷ்ரூஸ்பரியில் சார்லஸ் பேஜ் என்பவர் மரமே இல்லாமல், வார்ப்பிரும்புத் தூணும் உத்தரமும் செங்கல் வளைவுமாக ஆளி ஆலை ஒன்றைக் கட்டினார். இரும்புச் சட்டகக் கட்டடங்களில் உலகிலேயே முதலாவது அது. நூறாண்டு கழித்து 1897-இல் அங்கே பீருக்கான வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தத் தொடங்கினார்கள். 1987 வரை நடந்தது. அழகான கட்டடம், 2022-இல் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஆனால் வார்ப்பிரும்பும் முழுக்கப் பத்திரமில்லை. தீயில் சூடேறிய தூணின்மேல் தண்ணீர் பட்டால் விரிசல் விட்டு உடையும். வெப்பம் பட்டால் நுரைத்துப் பொங்கிக் காப்புறையாகிற பெயிண்ட்டை நாங்கள் தூண்களுக்கு அடிப்பது அதனால்தான்.

உங்கள் மகனுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். உள்ளே போனதும் வந்த கதவைத் தவிர இன்னொரு கதவு எங்கே என்று பார்க்கட்டும். எதிர்த்திசையில் இருக்க வேண்டும், பூட்டியிருக்கக் கூடாது, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். எங்கள் வழிகாட்டு விதியில், ஒரே திசையில்தான் தப்ப முடியும் என்றால் 18 மீட்டருக்குமேல் நடக்க விடக்கூடாது. இரண்டு திசை இருந்தால் 45 மீட்டர்வரை. இரண்டாவது கதவின்முன் பீர்ப் பெட்டி அடுக்கியிருந்தால் உட்காராமல் திரும்பி வந்துவிடலாம்.

கோவையில் பூட்டிய மில் ஒன்றை இப்படி மாற்ற முடியுமா?
ந.சு., சிங்காநல்லூர்

மதுக்கூடமாக என்றால் முடியாது. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் கையில்; தனியார் பார் என்றால் நட்சத்திர விடுதி, மன்றம் என்று உரிமத்துக்குள் அடங்க வேண்டும். ஊரார் பங்கு போட்டு நடத்தும் பப்புக்கு அதில் இடமில்லை. அப்படி இடம் இருந்தாலும், மூன்று தலைமுறைக் குடும்பங்கள் அங்கே வந்து உட்காருமா என்பது வேறு கேள்வி.

கூடுமிடமாக மாற்ற என்ன தடை? 1888-இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் மில்லிலிருந்து எத்தனை மில் சங்கு கேட்டு விழித்த ஊர் உங்களுடையது! மூன்று ஷிப்டுக்கும் தேநீர் போட்ட கேன்டீன்கள் இருந்த ஊர். நீண்ட பெஞ்சு, நாளிதழ், ஒரு தேநீரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அரசியல் பேசும் உரிமை. பப்பில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். கேன்டீன் கட்டடம் நின்றிருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். பெரிய கூடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: நம் ஊர் தேநீர்க் கடையில் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். அதையும் சேர்த்து மாற்றினால்தான் ஊர்க்கூடம்.

தனியாக ஒரு பெண் உள்ளே வந்தால் எங்கே உட்காருவாள்? உங்கள் வரைபடங்களில் அவளுக்கு இடம் உண்டா?
மீ., திருநெல்வேலி

இதை என்னிடம் பணம் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. கேட்ட உங்களுக்கு நன்றி.

உண்டு, அது கதவுக்கு வெளியிலேயே தொடங்குகிறது. தெருவிலிருந்து உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க முடிய வேண்டும். ஆலைச் சன்னல்கள் தலைக்குமேல் இருக்கும். வேலையாள் வெளியே பார்த்துப் பொழுதைப் போக்கக் கூடாது என்ற கணக்கு. கதவுக்குப் பக்கத்துச் சன்னலையாவது இடுப்பளவுக்கு இறக்கச் சொல்வேன். பழங்கட்டடப் பாதுகாப்புத் துறையினர் முணுமுணுப்பார்கள், பேசிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நுழைந்ததும் கவுண்டர் கண்ணில் பட வேண்டும். முப்பது மீட்டர் நீளக் கூடத்தின் கடைசியில் கவுண்டரை வைத்தால், உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரின் கண்களையும் கடந்து அவள் நடக்க வேண்டியிருக்கும்; ஆண்களே அதற்குக் கூச்சப்படுவார்கள். நான் நீளச் சுவரின் நடுவில், கதவிலிருந்து ஆறேழு அடிக்குள் வைப்பேன். கவுண்டரின் ஒரு முனையைச் சுவரோடு சேர்த்து, அந்த மூலையில் இரண்டு உயர நாற்காலி. முதுகுக்குச் சுவர், எதிரில் கதவு, கைக்கெட்டும் தூரத்தில் கடைப் பணியாளர். பேச விருப்பமிருந்தால் பேசலாம், புத்தகம் விரித்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். வயதானவர்களுக்கு உயர நாற்காலி ஆகாது. ஆகவே கவுண்டரின் ஒரு பகுதியைச் சாதாரண மேசை உயரத்துக்கு இறக்கிவிடுவேன். சக்கர நாற்காலிக்கும் அது உதவும்.

அப்புறம் கழிவறை. பழைய ஆலைகளில் கழிவறைகள் முற்றத்தைத் தாண்டி, புகைபோக்கிக்குப் பின்னால் இருக்கும். குழாய் அங்கேதான் இருக்கிறது, செலவு மிச்சம் என்று எல்லாரும் அதையே வைத்துக்கொள்ளப் பார்ப்பார்கள். சம்மதிக்காதீர்கள். கூடத்திலிருந்து கதவு தெரிகிற இடத்தில், வெளிச்சமான நடையில், பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல் எண்ணிக்கையில் இருக்க வேண்டும். வடிகாலை நீட்ட எவ்வளவு ஆகும் என்று ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வழியாகச் சொல்லும் தொகை எப்போதும் பயமுறுத்துவதாகவே இருக்கும்.